கொல்லைப்புறத்தில் உலை போட்ட கதை: என் பணம் எங்கே போனது, எதில் போயிருக்க வேண்டும்

பலா மரத்தில் கரண்டி செதுக்கிப் புதுச்சேரியில் சில கடைகளுக்குக் கொடுப்பது என் பிழைப்பு. வீடு கடலூர் செம்மண்டலத்துக்குப் பக்கம். மரத்துக்கு எனக்குக் குறைவே இல்லை. பண்ருட்டிப் பக்கத்துப் பலா வீணைக்கும் மிருதங்கக் கட்டைக்கும் போகிற மரம். அறுவை மில்லில் ஓரமாகத் தள்ளிவிடுகிற துண்டுகளே என் வேலைக்குத் தாராளம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது சாய்ந்த மரங்களை அறுத்துக் கொட்டகையில் போட்டு வைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மாதிரி ஊறிக் காய்ந்த மரம் கிடைத்தால் விடமாட்டேன். தொல்லையெல்லாம் கருவியில்தான்.

கரண்டியின் குழியைக் குடைய, நுனி வளைந்த கொக்கிக் கத்தி வேண்டும். நான் விசாரித்தபோது வெளிநாட்டுக் கத்தி ஒன்று 4,000 ரூபாய்க்குக் குறைந்து கிடைக்கவில்லை. ஆன்லைனில் 700 ரூபாய்க்கு வாங்கியது, ஒரு வாரம் காய்ந்த பலாவில் உழைத்ததுமே வாய் மடங்கிப் போனது. பக்கத்துக் கொல்லுப் பட்டறைகளில் கேட்டேன். “அருவா, மம்முட்டி, கரும்பு வெட்டுற கத்தின்னா சொல்லும்மா. இந்த நோண்டுற கத்திக்கெல்லாம் உலை மூட்டி உக்காந்தா கட்டுமா?” என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சரி, நாமே அடித்துக்கொள்வோம் என்று 2024 கோடையில் கொல்லைப்புறத்தில் உலை போட்டேன். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, வீடியோதான் குரு. மழைக்காலம் வருவதற்குள் ஏறக்குறைய 26,000 ரூபாய் கரைந்துவிட்டது. கையில் உருப்படியான கத்தி ஒன்றுகூட இல்லை. அழுதிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. “பொம்பளைக்கு எதுக்கு இந்தச் சுத்தியல் வேலை” என்று தெருவில் பேசியதைவிட, யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் இருந்ததுதான் அதிகம் வலித்தது. இதைத் தொடங்க நினைக்கிற இன்னொருவருக்காவது உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரிய செலவு பட்டறைக்கல், அதாவது காய்ந்த இரும்பை மேலே வைத்து அடிக்கிற இரும்புக் கட்டை. ஆன்லைனில் 25 கிலோ, நீல வண்ணம் அடித்து, கொம்பு வைத்து, பார்க்க லட்சணமாக இருந்தது. 7,800 ரூபாய். “ஸ்டீல்” என்றுதான் போட்டிருந்தார்கள். வந்தது வார்ப்பிரும்பு. அடித்தால் ‘டொக்’ என்று செத்த ஓசை. சுத்தியல் திரும்பி எழும்பாது. ஒவ்வொரு அடியின் பாதி விசையையும் கல்லே விழுங்கிவிட்டால், மிச்ச வேலையைச் செய்வது நம் தோள்பட்டை. சில வாரத்தில் ஓரம் பொரிந்து உதிர்ந்தது, ஒரு நாள் கொம்பு நுனி தெறித்து மதில்மேல் போய் அடித்தது. திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். எதிரில் ஒரு மனிதர் நின்றிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

கல் வாங்குகிறவர்கள் சைக்கிள் கடையில் ஒரு பால்ரஸ் குண்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு சாண் உயரத்திலிருந்து கல்லின் முகத்தில் விட்டுப் பாருங்கள். நல்ல உருக்கு என்றால் குண்டு முக்கால் சாணாவது எழும்பும். வார்ப்பிரும்பில் சோம்பேறித்தனமாகக் கொஞ்சம் எழும்பிப் படுத்துவிடும். குண்டு போட்டுப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம். அடுத்து, தண்டவாளத் துண்டு. வீடியோவில் எல்லாரும் தண்டவாளத்தில்தான் அடிக்கிறார்கள். நம் ஊர்ப் பழைய இரும்புக் கடையிலும் “பின்னாடி ஒரு துண்டு கிடக்கு” என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். வேண்டாம். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-இல் போட்ட தனிச் சட்டம் இருக்கிறது. திருட்டுப் பொருளோ என்று சந்தேகப்படுகிற அளவுக்கு இருந்தால், எப்படி வந்தது என்று காட்ட வேண்டியது வைத்திருப்பவர் பொறுப்பு. ரயில்வே ஏலத்தில் போன இரும்பு என்று பில் காட்டினால் ஒழியத் தொடாதீர்கள்.

இப்போது நான் வைத்திருப்பது இரும்பு வியாபாரியிடம் எடைக்கு வாங்கிய, இஎன்8 என்கிற உருக்குக் கட்டை. நாலு அங்குலச் சதுரம், ஒரு அடி நீளம், 24 கிலோ வந்தது. லேத் பட்டறையில் ஒரு முகத்தை மட்டம் தட்டிக்கொண்டேன். எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதைப் படுக்க வைக்காமல், பனங்கட்டை ஒன்றில் குழி தோண்டி நட்டுக்குத்தாக நிறுத்தியிருக்கிறேன். அடி விழுகிற இடத்துக்கு நேர் கீழே மொத்த எடையும் நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. கொம்பு கிடையாது. கொக்கிக் கத்தியை வளைக்க ஒரு கனமான இரும்புக் குழாயைப் பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறேன், போதும். உயரம் முக்கியம். நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால் விரல் முட்டி எங்கே வருகிறதோ அங்கே கல்லின் முகம் இருக்க வேண்டும். என் பழைய கல் அதைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது. குனிந்து குனிந்து அடித்து இடுப்பும், ஒன்றரைக் கிலோச் சுத்தியலால் முழங்கையும் போனது. பிசியோதெரபிக்கு மட்டும் 3,600 ரூபாய். இப்போது 800 கிராம் சுத்தியல்தான். சின்னக் கருவிக்கு அது ஏராளம்.

உலைக்கு லாரியின் பழைய பிரேக் டிரம். 600 ரூபாய்க்கு இரும்புக் கடையில் கிடைத்தது. உள்ளே களிமண்ணும் மணலும் சாம்பலும் குழைத்துப் பூசி நிழலில் காயவைத்தேன். இதுவரை பழுதில்லை. காற்று ஊத அடியில் ஒரு குழாய் வேண்டுமே. ஹார்டுவேர் கடையில் பைப் கேட்டேன், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற ஜிஐ பைப்பை அறுத்துக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. உலையைக் கொளுத்தி நன்றாகச் சூடு ஏறியதும் குழாய் வாயிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை. கரியின் ஈரம் என்று நினைத்துக் கிட்டக் குனிந்து ஊதுவானைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வாயில் ஒரு அசட்டுத் தித்திப்பு. அன்று ராத்திரி பல் கிட்டும் குளிர், காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி, நெஞ்சில் இறுக்கம். ஆஸ்பத்திரியில் டெங்குவா, டைஃபாய்டா என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். 2,400 ரூபாய், எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. காய்ச்சலும் மறுநாள் சாயங்காலத்துக்குள் தானாக இறங்கிவிட்டது. வெல்டிங் வேலை செய்கிற என் சித்தப்பா பையன்தான் கேட்டதும் சொன்னான்: “துத்தநாகப் புகைக்கா. ஜிஐல வெல்டிங் வெச்சா எங்களுக்கும் இப்படித்தான் வரும்.”

ஜிஐ பைப்பின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. 420 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். உலையின் நடுவில் அதைவிடச் சூடு இருக்கும். அந்த ஆவி காற்றில் பட்டு வெள்ளைப் பொடியாகி நெஞ்சுக்குள் போகிறது. ஓரிரு நாளில் சரியாகிவிடுகிற காய்ச்சல்தான். ஆனால் அதிகமாக இழுத்தவர்களுக்கு, ஏற்கெனவே இளைப்பு உள்ளவர்களுக்கு, ஆபத்தாக முடியும். கடையில் “கருப்பு எம்எஸ் பைப்” என்று கேட்டு வாங்குங்கள். எம்எஸ் என்றால் மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு. பழைய இரும்பில் பூப்போட்ட வெள்ளி நிறம் தெரிகிற எதையும், குரோம் பூசிய எதையும் உலையில் வைக்காதீர்கள். வேலை செய்த அன்று காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமே “இன்னிக்கு இரும்பு காய்ச்சினேன், புகை குடிச்சேன்” என்று இருக்கட்டும். கரி உலை என்பதால் நாலு பக்கமும் அடைத்த அறையில் போடவே கூடாது. கரிப்புகை கண்ணுக்குத் தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும்.

கரிக்கு வருகிறேன். “பக்கத்துல நெய்வேலி, உனக்கு என்ன” என்று எல்லாரும் சொன்னார்கள். நெய்வேலியில் வெட்டுவது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர்தான். கொதிகலனில் போட்டு மின்சாரம் எடுக்கச் சரி. சின்ன உலையில் புகைந்து, நொறுங்கி, கண்ணை எரிக்கும். ஒருவர் பிரியமாகக் கொண்டுவந்து கொடுத்த ஒரு கோணி இன்னும் மூலையில் கிடக்கிறது. எனக்கு ஒத்துவந்தது வேலிகாத்தான் கரி. கிலோ 45 ரூபாய்க்கு வாங்குகிறேன். சவுக்குக் கரி சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடுகிறது. எந்தக் கரியானாலும் நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். முழுசு முழுசாகப் போட்டால் இடுக்கு வழியாகக் காற்று ஓடிவிடும், இரும்பு காயாது, சிட்டம்போல் மேலே செதில்தான் கட்டும். பொடியைத் தூர எறியாமல் தண்ணீர் தெளித்து ஓரத்தில் அணை கட்டினால் தீ நடுவிலேயே நிற்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கரிச்செலவு பாதியாகிவிட்டது. நம் பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்கிற ஆங்கிலேயர் இரும்பாலை வைத்தார். சேலத்துத் தாதுவும் மரக்கரியும்தான் மூலப்பொருள். ஒரு சின்னக் கத்திக்கே நான் தட்டிப் போடுகிற கரியைப் பார்க்கும்போது, அந்த ஆலைக்கு எத்தனை காடு போயிருக்கும் என்று வயிறு கலங்கும்.

இப்போது சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். என் உழைப்பும் உடம்பும் அதிகம் வீணானது கல்லாலும் கரியாலும் அல்ல, இரும்பால். பழைய இரும்புக் கடையில் “லாரி பட்டை, அசல் ஸ்பிரிங்” என்று கிலோ 80 ரூபாய்க்கு அள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். சாதாரண இரும்பு அதில் பாதி விலை. ஒவ்வொரு துண்டையும் மாய்ந்து மாய்ந்து அடித்து, வளைத்து, அரம் போட்டு, கடைசியில் இறுகுவதற்காகச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்தால் (எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று முக்கினால்), சிலது அரத்துக்கு வெண்ணெய் வெட்டுகிற மாதிரி வழிந்துகொடுத்தது. சிலது தோய்க்கும்போதே ‘டிக்’ என்று விரிசல் விட்டது. அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்ட நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது. இரண்டும் இரண்டு வேறு நோய் என்று அப்போது தெரியவில்லை. முதலாவது, பட்டையே இல்லை. யாரோ அறுத்துப் போட்ட எம்எஸ் தகடு. அதில் கார்பன் 0.25 சதவீதத்துக்கும் கீழே. எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது கத்தியாகிற அளவுக்கு இறுகாது. கட்டுக்கம்பியும் அந்தச் சாதிதான். லாரி பட்டையில் கார்பன் 0.5 முதல் 0.65 வரை இருக்கும், இறுகும். பழைய நல்ல அரத்தில் ஏறக்குறைய 1 சதவீதமோ மேலேயோ. பால்ரஸ் வளையத்தில் 1 சதவீதம் கார்பனோடு குரோமியமும் உண்டு. இரண்டாவது நோய், பட்டை அசல்தான், ஆனால் பல லட்சம் கிலோமீட்டர் குதித்துக் குதித்து உள்ளுக்குள் மயிரிழை விரிசல் விட்டது. அடிக்கும்போது தெரியாது. தோய்க்கும்போது வாய் திறக்கும்.

ஆகவே எந்த இரும்பை வாங்கினாலும், கருவி அடிக்கும் முன் ஓரத்தில் ஒரு விரல் அளவு துண்டைப் பலி கொடுங்கள். முதலில் கிரைண்டரில் தொட்டுப் பொறியைப் பாருங்கள். எம்எஸ் என்றால் பொறி நீளமாக, நேராக, கிளை அதிகம் இல்லாமல் ஓடும். கார்பன் ஏற ஏறப் பொறி பாதி வழியிலேயே வெடித்துக் கிளைகிளையாகப் பூக்கும். தெரிந்த அரம் ஒன்றையும் தெரிந்த கட்டுக்கம்பி ஒன்றையும் கூட வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் கண் பழகிவிடும். இரண்டாவது, அந்தத் துண்டைக் காந்தம் ஒட்டாத அளவு காய்ச்சி, தண்ணீரில் முக்கி எடுங்கள். கூரான அரத்தை அதன்மேல் இழுங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் இறுகும் இரும்பு. பிறகு வைஸில் பிடித்துச் சாக்கு போர்த்தி ஒரு தட்டுத் தட்டுங்கள். மடங்கினால் எம்எஸ். உடைந்தால் உடைந்த வாயைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் நைஸாக இருந்தால் சூடு சரி, பரபரவென்று மின்னினால் அளவுக்கு மேல் காய்ச்சிவிட்டீர்கள் என்று பொருள். இதற்கெல்லாம் கால் மணி நேரமும் கொஞ்சம் கரியும்தான் செலவு. நான் பார்க்காமல் அடித்துத் தூக்கிப் போட்ட இரும்பின் விலையே 3,000 ரூபாய்க்கு மேல். கரியும் உழைப்பும் தனி.

விரிசல் பார்க்கிற வித்தையை எனக்குக் காட்டியவர் நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி போகிற வழியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். அழுதுகொண்டே இருந்தால் ஆகாது என்று வெடித்த துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் அவர் முன்னால் கொட்டினேன். “யாரும்மா இதெல்லாம் அடிச்சது?” என்றார். “நான்தாங்க ஐயா.” ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடி நல்லாத்தான் விழுந்திருக்கு. இரும்பு ஏமாத்திடுச்சு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். அரை நாள் உட்கார்ந்து பார்க்கட்டுமா, கூலி கொடுக்கிறேன் என்றேன். உள்ளே வீட்டில் கேட்டுவிட்டு, “கரும்பு வெட்டு முடியட்டும், வா” என்றார். வெட்டு நடக்கும்போது கத்தி காய்ச்சி அடிக்க வரிசை நிற்கும். அறுவடைக்கு முன்னால் அருவாளுக்கு. அந்தச் சமயங்களில் போய்க் கற்றுக்கொடுங்கள் என்று நிற்பது அவர் சோற்றில் கை வைப்பது. ஓய்ந்த மாதத்தில் போங்கள், அரை நாள் கூலியை முன்னாலேயே கையில் கொடுங்கள். நான் 1,200 கொடுத்தேன். மொத்தச் செலவில் அதைப்போல உருப்படியான செலவு வேறில்லை.

பட்டையை நன்றாகத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்தார். மேலே சாக்பீஸை உரசிப் பொடியாகப் பூசினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பூச்சின் குறுக்கே ஈரமாக ஒரு கோடு எழும்பி வந்தது. விரிசலுக்குள் போன எண்ணெயைச் சாக்பீஸ் உறிஞ்சிக் காட்டிக்கொடுக்கிறது. “இந்த இடத்த வெட்டிப் போட்டுட்டு மிச்சத்துல அடி.” பட்டையின் நடுத்துளையைச் சுற்றியும், கிளிப் பிடித்த இடத்திலும்தான் பெரும்பாலும் விரிசல் இருக்கிறது என்பது பிறகு நானே பார்த்துத் தெரிந்துகொண்டது.

அவர் பட்டறை ஏன் அவ்வளவு இருட்டாக இருக்கிறது என்றும் அன்றுதான் உறைத்தது. நான் வெட்டவெளியில் மத்தியான வெயிலில் அடித்துக்கொண்டிருந்தேன். வெயிலில் நல்ல சிவப்பும் மங்கலாகத்தான் தெரியும். இன்னும் காயட்டும் என்று விட்டுவிட்டு இரும்பை எரித்துக்கொண்டிருந்தேன். பொறி பறந்தால் இரும்பு வெந்துவிட்டது, அந்த இடம் தேறாது. இப்போது மூன்று பக்கம் திறந்த கொட்டகையில் மேலே கீற்று போட்டு, சாயங்காலத்தில்தான் வேலை. கண்ணை மட்டும் நம்பாமல், பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். பட்டையானால் அதற்கு மேலும் ஒரு நிறம் சிவப்பு கூடினதும் தோய்க்கலாம். தோய்ப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதை நான் பார்த்த வீடியோக்களில் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். அடித்து முடித்த கருவியை அதே சூட்டுக்குக் காய்ச்சி, காற்றிலேயே கருப்பாகும்வரை ஆறவிட வேண்டும். இரண்டு மூன்று முறை. அடித்த அடியில் இரும்புக்குள் ஏறிய முறுக்கு அப்போதுதான் தளரும். இதைச் செய்யத் தொடங்கியதும் கத்தி கோணுவது அநேகமாக நின்றுபோனது.

தோய்க்க எண்ணெய். பட்டையைத் தண்ணீரில் விட்டால் வெடிக்க வாய்ப்பு அதிகம். பெரியவர் தண்ணீரில் தோய்க்கிறாரே என்றால், அவர் கருவியின் வாயை மட்டும் ஒரு விரற்கடை முக்கி, ஆட்டிக்கொண்டே எடுத்துவிடுகிறார். அது கை அறிந்த வித்தை, அதைப் பார்த்து நாம் செய்யக் கூடாது. நான் மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் வைத்திருக்கிறேன். பஜ்ஜிக் கடையில் பொரித்துக் கழித்த எண்ணெயை வடிகட்டினாலும் வேலை செய்யும், மலிவு. கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 50, 60 டிகிரிக்கு எண்ணெயை வெதுப்பிக்கொண்டால் நன்றாக இறுகுகிறது. வண்டி என்ஜினில் வடித்த ஆயில் வேண்டாம், அதன் புகை நல்லதல்ல. பாத்திரம் இரும்பாகவே இருக்கட்டும், அதை முழுக்க மூடுகிற அளவு மூடி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கருவியைத் தயங்காமல் முழுக்க உள்ளே விட்டுவிட வேண்டும்; பாதி வெளியே நின்றால் அந்த இடத்தில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். பற்றினால் மூடியைப் போட்டு அடைக்க வேண்டும். தண்ணீரை ஊற்றவே கூடாது.

இதில் ஒரு விபத்தும் நடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது பெய்த மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையும் பொங்கி ஊரே அல்லாடியது, என் கரி மூட்டைகள் கரைந்தது பெரிய விஷயமில்லை. எல்லாம் வடிந்து, கொட்டகையைக் கூட்டிவிட்டு, வழக்கம்போலக் கத்தியை எண்ணெயில் விட்டேன். ஒரு நொடி அமைதி. அப்புறம் டின் முழுக்க நுரைத்துப் பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்து, வழிந்த எண்ணெயில் தீ பிடித்தது. மழைத் தண்ணீர் டின்னின் அடியில் தங்கியிருக்கிறது. எண்ணெய் மேலே மிதந்து அதை மறைத்திருக்கிறது. காய்ந்த இரும்பு இறங்கியதும் தண்ணீர் ஆவியாகி எண்ணெயை வெளியே தள்ளிவிட்டது. மணல் வாளி பக்கத்தில் இருந்தது, அள்ளிப் போட்டேன். பருத்திச் சுடிதாரும் தோல் செருப்பும் போட்டிருந்ததால் முழங்காலுக்குக் கீழே கொப்புளத்தோடு போனது. நைலான் துப்பட்டாவோ பாலியஸ்டர் பேண்ட்டோ இருந்திருந்தால் உருகித் தோலோடு ஒட்டியிருக்கும். கடற்கரை ஊரில் உலை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மழைக்கும் பிறகு எண்ணெயை வேறு பாத்திரத்துக்கு மெல்லச் சாய்த்து, அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். டின்னுக்கு எப்போதும் மூடி போட்டு வையுங்கள். உப்புக் காற்றில் துரு வேறு ஒரே ராத்திரியில் ஏறும். வேலை முடிந்ததும் கருவிகளின்மேல் எண்ணெய்த் துணியை ஒரு இழுப்பு இழுத்துவிட வேண்டும்.

தோய்த்த கருவி அப்படியே இருந்தால் கண்ணாடிக் குணம். கை நழுவிக் கீழே போட்டாலே உடையும். உடனே மிதமாகச் சூடு காட்டிப் பதம் இறக்க வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. ஒரு பக்கத்தைச் செங்கல் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கமாகச் சூடு காட்டினால் நிறம் ஓடிவரும்: 220 டிகிரியில் வெளிர் மஞ்சள், 240-இல் வைக்கோல் நிறம், 255-இல் பழுப்பு, 275-இல் ஊதா, 295-இல் நீலம். மரம் செதுக்கும் கத்திக்கும் உளிக்கும் வைக்கோல் நிறத்தில் நிறுத்துகிறேன். ஓங்கிக் கொத்துகிற வாச்சிக்குப் பழுப்பும் ஊதாவும் கலக்கிற இடம். கொக்கிக் கத்தி மெலிசு, நிறம் கண்ணிமைக்கும் நேரத்தில் நீலத்துக்கு ஓடிவிடும். அதனால் அதை மட்டும் வீட்டு ஓடிஜி அடுப்பில் 210 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு மணி நேரம் வைக்கிறேன். கேக் செய்கிற அடுப்பில் கத்தியா என்று வீட்டில் முணுமுணுப்பு உண்டுதான். கத்தியின் எண்ணெயைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வைத்தால் சண்டை குறையும். அதன் பிறகு கிரைண்டரில் சாணை பிடிக்கும்போது விரலைக் கத்தியின் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; சுட்டால் தண்ணீரில் முக்குங்கள். நீலம் தெரிந்துவிட்டால் அந்த இடம் பதம் போனதுதான், அவ்வளவையும் தேய்த்துத் தள்ள வேண்டும். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள், கவசத்தைக் கழற்றாதீர்கள்.

இன்று ஒருவர் புதிதாகத் தொடங்கினால் நான் சொல்வது இது. குறடு அடிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று இறங்காமல் பட்டறையில் பழைய குறடு ஒன்று விலைக்குக் கேளுங்கள். சரியாகப் பிடிக்காத குறட்டோடு மல்லுக்கட்டி முதல் மாதம் போய்விடும். பிரேக் டிரம், கருப்புப் பைப், வேகம் குறைக்க முடிகிற சின்ன ஊதுவான், எடைக்கு வாங்கிய கட்டை, 800 கிராம் சுத்தியல் எல்லாம் சேர்ந்து 9,000 ரூபாய்க்குள் அடங்கும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய அரங்கள் கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், கொக்கிக் கத்திக்கு அதைவிட நல்ல இரும்பு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதிலும் மேல்தோல் மட்டும் இறுக்கிய மட்டமான அரங்கள் உண்டு; உடைத்துப் பார்த்த பிறகே காசு. அரத்தைக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டால் மெதுவாகிவிடும். பல்லை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும், ஒரு பல் தடம் மிஞ்சினாலும் வளைக்கிற இடத்தில் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும்.

கைப்பிடிக்கு என்னிடம் பலாத் துண்டு குவிந்து கிடந்தாலும் வாச்சிக்கு அதைப் போடுவதில்லை, கருவேலம்தான் அதிர்ச்சி தாங்குகிறது. கத்திக்குப் பலா போதும். பிடிக்குள் இறங்கும் வாலைக் காய்ச்சித் துளைக்குள் சுட்டு இறக்குவது வழக்கம். அப்படிக் காய்ச்சும்போது வாய்ப் பக்கம் முழுக்க ஈரத்துணி சுற்றி, துணி காயக் காயத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். அவ்வளவு பாடுபட்டு நிறுத்திய வைக்கோல் நிறம், அந்த ஒரு நிமிஷக் கவனக்குறைவில் நீலமாகிவிடும்.